புடுங்கிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து

இத எழுத வேண்டாம்னுதாங்க இருந்தேன். எனக்கும் எழுத்துக்கும் ரொம்ப தூரம். பத்தாவதுல கணக்கு என்னைய விட்டுட்டுப் போச்சு, ஐடிஐய நான் விட்டுட்டு வந்தேன். போதாக்கொறைக்கு, ஒரு அக்கா ஊரூரா ஸ்கூட்டில போயி பைப்பப் புடுங்கிப் பாத்துச்சுன்னு எழுதுனா எவன் படிப்பான்? கம்முனு படுத்துத் தூங்கலாம்னு பாத்தேன். ஆனா போன வாரம் சோமனூர்ல ஒரு டீக்கடைல ஒருத்தன், "அவளா? திமிரு புடிச்சவ"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுப்போட்டான். திமிருதாங்க, நான் இல்லீன்னு சொல்லல. அதுக்காக அத்தனை பெரிய திமிர இத்தனூண்டு வார்த்தைல அடக்குனா எப்புடி?

பேரு சொல்ல மாட்டேன். சொன்னா ஸ்கூட்டிய எடுத்துட்டு வந்து ஒதைக்கும். ஒயர்மேன் பசங்க நாங்க எல்லாம் பைப்பக்கான்னுதான் சொல்லுவோம், முதுகுக்குப் பின்னால. ஒருக்கா வாய் தவறி நேராவே கூப்புட்டுட்டேன்.

"என்றா சொன்னே?"

"வணக்கம்னு சொன்னேனுங்க்கா."

"அத்தனை மரியாதை உனக்கு ஏதுடா?"ன்னு கேட்டுட்டு, கையில இருந்த ஸ்க்ரூ டிரைவர்ல மண்டைல ஒண்ணு வெச்சுது.

வயசு முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கும், கேட்டா முப்பதுங்கும். சுடிதார் மேல புருசனோட பழைய முழுக்கைச் சட்டை. கண்ணுல கூலிங் கிளாஸ், ஊட்டுக்குள்ள வந்தாலும் கழட்டாது. ஸ்கூட்டி முன்னால ஒரு பை தொங்கும், யானை பொம்மை போட்ட கொழந்தைப் பை. உள்ள பால் புட்டி இருக்கும்னு பாத்தா டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஒயர் சோதிக்கற மீட்டரு. ஊட்டுல தெலுங்கு பேசறவீங்க. கோவம் வந்தா தெலுங்குல முணுமுணுக்கும். என்னக்கா சொன்னீங்கன்னு கேட்டா, "நல்லா இருக்கோணும்னு வாழ்த்துனேன் கண்ணு"ங்கும். வாழ்த்தற மூஞ்சி அப்புடி இருக்காதுங்க.

இன்னொண்ணு. எங்கூர்ப் பக்கம் எல்லாத்துலயும் ஒரு "ங்க" ஒட்டிக்குமில்ல, அது பொதுவா மரியாதைக்கு. அக்காகிட்ட மட்டும் அது மீட்டரு. ங்க கொறைவா இருந்தா பாசம். ங்க ஏற ஏற ஆபத்து. "சித்த வாங்க, வந்து பாருங்க, பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சுதுன்னா நான் மெதுவா அக்கட்டால நகந்துக்குவேன்.

செரி, வெசயத்துக்கு வாரேன். கரண்டு வேலை செய்யறவன் தெருவுக்கு நாலு பேரு. லைசென்ஸ் வெச்சிருக்கறவன் ஊருக்கு ஒருத்தன் இருந்தாப் பெருசு. புது ஊட்டுக்குக் கரண்டு வேணும்னா, ஒயரிங் செரியா இருக்குது, நான் சோதிச்சுப் பாத்தேன்னு லைசென்ஸ்காரரு கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டு வேணும். வேலைய என்னையாட்ட ஆளுக செய்வோம், கையெழுத்த அவிங்க போடுவாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கவே வேண்டியதில்ல. அதுதான் ஊரு வழக்கம்.

எங்க பக்கம் ஒரு பெரியவரு இருந்தாரு. தங்கமான மனுசன். வெத்துப் பேப்பர்ல கட்டுக்கட்டாக் கையெழுத்துப் போட்டு எலக்ட்ரிகல் கடைல குடுத்து வெச்சிருந்தாரு. ஊட்டுக்கு மொத்தமா ஒயரு எடுத்தா இன்சுலேசன் டேப்பு ஒண்ணு சும்மா தருவாங்க, கையெழுத்து ஒண்ணு சும்மா தருவாங்க. அவரு செத்துப்போனாரு. கருமாதியும் முடிஞ்சுது. அதுக்கப்பறமும் ரொம்ப நாளைக்குப் புது ஊடுகளச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டே இருந்தாரு. உசுரோட இருந்தப்பவே அவரு நேர்ல வந்ததில்ல, அதனால யாருக்கும் வித்தியாசம் தெரியல. கடைசில கரண்டாபீசுக்கு எப்புடியோ தெரிஞ்சுபோயி, "உசுரோட இருக்கற ஆளு கையெழுத்தக் கொண்டாங்கப்பா"ன்னுட்டாங்க.

உசுரோட, லைசென்சோட, பக்கத்துல இருந்தது அக்கா மட்டுந்தான். பாலிடெக்னிக் படிச்சு, பரீட்சை எழுதி, சொந்தப் பேர்ல கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்கி வெச்சிருந்துச்சு. அதுவரைக்கும் அது பக்கம் ஒருத்தனும் போனதில்ல. காரணம் அந்தப் பைப்பு.

எர்த் பைப்புங்க. கதவுலயோ சுவத்துலயோ கரண்டு கசிஞ்சுதுன்னா மனுசன் மேல பாயாம மண்ணுக்குள்ள போறதுக்கு ஒரு வழி வேணுமில்ல, அதுக்கு. ஆளு முங்கற குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, நீளமான பைப்ப உள்ள எறக்கோணும். மேல தெரியறது ஒரு சாண். இங்கதான் நம்மாளுக மூளையக் காட்டுவாங்க. தெரியறது ஒரு சாணு, அப்பறம் எதுக்குத் தெரியாததுக்குக் குழி தோண்டறது? ஒரு மொழத் துண்ட மேலாப்புல நட்டு, சுத்தீலும் சிமெண்டு பூசி, பச்சைப் பெயிண்டு அடிச்சுட்டா ஜம்முனு இருக்கும்.

அக்கா வந்ததும் மீட்டர எடுக்காது. பைய வண்டிலயே வெச்சுட்டு, நேரா ஊட்டுக்குப் பின்னால போயி, ரெண்டு காலையும் அகட்டி நின்னு, பைப்ப ரெண்டு கையாலயும் புடிச்சு இழுக்கும். வரலைன்னா அப்பறந்தான் மத்த சோதனை எல்லாம். வந்துட்டா அத அப்புடியே சுவத்துல சாத்தி வெச்சுட்டு, "வாரேனுங்க"ன்னு கெளம்பிரும். "பாக்காமப் போட்டா அது கையெழுத்து இல்லீங்க, கிறுக்கலுங்க"ங்கறது அது அடிக்கடி சொல்லறது.

அந்தப் பழக்கம் கைக்கே வந்துருச்சு. ஒருக்கா ஆனைமலைக்கு அம்மன் கோயலுக்கு வேன்ல போனோம். திரும்பறப்ப ஒரு மெஸ்ல சாப்புட்டுட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனா, அங்க ஒரு பைப்பு நட்டு வெச்சிருந்துச்சு. அக்காளுக்குக் கை சும்மா இருக்குமா? புடிச்சு ஒரு இழு. அது துணி காயப்போடற கம்பங்க. மெஸ்ஸுக்காரரோட வேட்டி, லுங்கி, சம்சாரத்தோட சீலை எல்லாம் கையலம்பற தண்ணில வந்து படுத்துக்கிச்சு. மெஸ்ஸுக்காரரு கரண்டியோட ஓடியாறாரு. நான் சொன்னேன், "அண்ணா, கவலப்படாதீங்க, அக்கா உங்க துணிக்குக் கையெழுத்துப் போட மாட்டாங்க, அவ்வளவுதான்." அன்னைக்கு ஊரு வர்ற வரைக்கும் தெலுங்குல வாழ்த்தீட்டே வந்துச்சு.

சிரிக்கற கதை அது. சிரிக்க முடியாத கதையும் ஒண்ணு இருக்குது. காங்கேயத்துல அதோட கூடப் பொறந்த பெரியக்கா, எண்ணெய் மில்லு வெச்சிருக்கற ஊட்டுல வாழ்க்கைப்பட்டவங்க. புது ஊடு கட்டி, ஒறம்பரை எல்லாம் கூப்புட்டு விருந்து. நம்ம கொழுந்தியா போடாத கையெழுத்தான்னு மச்சான் ரிப்போர்ட்ட மடிச்சுச் சட்டை ஜோப்புல வெச்சுட்டே சுத்தியிருக்காரு. நம்ம பைப்பக்கா போயி இழுத்துப் பாத்துச்சு. வந்துருச்சு. நேரா வந்து பந்தில ஒக்காந்து, பாயசம் வரைக்கும் சாப்புட்டுட்டு, "மச்சான், விருந்து ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. கையெழுத்து மட்டும் இல்லீங்க"ன்னுச்சாம். பெரியக்கா எல்லாரு முன்னாலயும், "இனி என்ற வாசப்படிய மிதிக்காதே"ன்னுட்டாங்க.

"அப்பறம் என்னக்கா பண்ணுனீங்க?"ன்னு கேட்டேன்.

"வாசப்படிய மிதிக்காட்டிப் போகுது கண்ணு. அவ இரும்புக் கதவத் தொடாம இருந்தாச் செரி"ன்னுச்சு. கூலிங் கிளாஸத் தொடைக்கறாப்புல ஒருக்கா தொட்டுச்சு, ஆனாக் கழட்டல. பெரியக்கா இன்னைக்கு வரைக்கும் பேசறதில்லீன்னு கேள்வி.

இப்பத்தான் மெயின் கதை. ஊருக்கு வெளிய ஒருத்தரு லைன் ஊடு கட்டுனாரு. தறி ஓட்ட வர்ற வடக்கத்திக் குடும்பங்களுக்கு வாடகைக்கு, வரிசையா தகரக் கூரை, தகரக் கதவு. ஓனரு கொஞ்சம் வசதி, கொஞ்சம் செல்வாக்கு, நெறையச் சத்தம். கட்டுனது ஒரு பில்டிங் கான்ட்ராக்டரு. விசிட்டிங் கார்டுல பேருக்குப் பின்னால எழுத்து எழுத்தா பட்டம் இருக்கும், எந்தக் காலேஜுங்கன்னா "அனுபவம்"பாரு. பிளான்ல முத்திரை குத்தறது அவரு மச்சினன். அவன் நெசமாவே இன்ஜினியரு, ஆனா பில்டிங் எந்தத் தெசைல இருக்குதுன்னு கூட அவனுக்குத் தெரியாது. ஒயரிங் நான் செஞ்சது. பைப்பு கான்ட்ராக்டரு டிபார்ட்மெண்டு. அத இப்பவே சொல்லிப்போடறேன், அப்பறம் என்னையப் பாக்கக் கூடாது.

பால் காய்ச்சற அன்னைக்கே கையெழுத்தையும் வாங்கிறலாம்னு அக்காளக் கூப்புட்டிருந்தாங்க. பூசை செஞ்சவரு ரொம்பப் பக்திமானுங்க. நட்டமா நின்ன எதையும் விடல. கேட்டு, மோட்டரு, தண்ணித் தொட்டி எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். பின்னால போனவரு பச்சைப் பெயிண்டடிச்ச எர்த் பைப்பப் பாத்து, அதுவும் ஏதோ முக்கியமாட்ட இருக்குதேன்னு அதுக்கும் பொட்டு வெச்சு, செவ்வந்தி மால ஒண்ணும் போட்டுவிட்டுட்டாரு.

"ஏனம்மணி, மொதல்ல காப்பி குடி. கையெழுத்து எங்க ஓடிப்போகுது?"ன்னாரு ஓனரு.

"கையெழுத்து ஓடாதுங்க அண்ணா. பைப்பு ஓடுதான்னு மட்டும் பாத்துக்கறனுங்க. நீங்களும் சித்த வாங்க, வந்து நின்னு பாருங்க."

ங்க ஏறுது. நான் கேசரித் தட்டோட ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டேன்.

அக்கா மாலையக் கண்ணுல ஒத்திக்கிச்சு. காலை அகட்டுச்சு. இழுத்துச்சு. ஈர மண்ணுல முள்ளங்கி வர்றாப்புல வந்துருச்சுங்க. ஒரு மொழம். கையில மாலை போட்ட பைப்போட அக்கா நிக்குது, சுத்தீலும் பட்டுச் சீலைக நிக்குதுக.

"சாமி கும்புட்ட பைப்பப் புடுங்கிப்போட்டாளே!"ன்னு ஓனரு கத்துனாரு.

கான்ட்ராக்டரு, "அது தற்காலிகமுங்க"ன்னாரு.

"நெரந்தரம் எங்கைங்க?"ன்னுச்சு அக்கா.

எனக்குக் கேசரி மூக்குல ஏறிருச்சு.

அதுக்கப்பறம் வெளையாட்டு நின்னுபோச்சு. அக்கா லைசென்சப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. ஓனரு மேலதிகாரிகளுக்கு எழுதிப்போட்டாரு, இந்தம்மா லஞ்சம் கேட்டாங்க, குடுக்கலைன்னதும் பூசையக் கெடுத்துட்டாங்கன்னு. லைசென்ஸ் அப்புடியே நின்னுருச்சு. அது இல்லாட்டி அக்காளுக்குப் பொழப்பு இல்ல. புருசனுக்குத் தறி வேலை, பாதி நாள் தறி நிக்கும்.

விசாரணைன்னு கோயமுத்தூர் ஆபீசுக்குக் கூப்புட்டாங்க. வண்டிய நான் ஓட்டுனேன். பின்னால அக்கா பைப்ப நட்டமாப் புடிச்சுட்டு ஒக்காந்துட்டு வருது, காஞ்ச மாலையோட. அவிநாசி ரோட்டுல சிக்னலுக்குச் சிக்னல் சனம் வேடிக்கை பாக்குது. "அக்கா, வேலு புடிச்ச முருகனாட்டவே இருக்கறீங்க, நாந்தான் மயிலு"ன்னேன். "மயிலு பேசாது, ரோட்டப் பாரு"ன்னுச்சு.

ஆபீசர் மோசமான ஆளில்ல. பைப்பப் பாத்துட்டு, "என்னம்மா இது?"ன்னாரு.

"பூமிக்குள்ள இருக்க வேண்டியதுங்க சார். கூப்புட்டேனுங்க, வந்துருச்சுங்க."

அவரு சிரிச்சுட்டாரு. அப்பறம் கொரலத் தாழ்த்தி, "பூசை நடக்கறப்ப அப்புடிச் செஞ்சதுக்கு வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. அவரும் வாபஸ் வாங்கிக்கறேங்கறாரு. லைசென்ஸ் நகந்துரும்"ன்னாரு.

நான் மேசைக்கடியில அக்கா கால மிதிச்சேன். எழுதிக் குடுத்துத் தொலைக்கா, ஒரு வரிதானேன்னு. அது என் கால திருப்பி மிதிச்சுது.

"புடுங்கி வராம இருந்திருந்தா, அவரு ஊட்டுக்கே போயி மன்னிப்புக் கேட்டிருப்பனுங்க சார். வந்துருச்சுங்களே."

"கொஞ்சம் யோசிங்கம்மா."

"யோசிச்சுட்டுத்தானுங்க பைப்பத் தூக்கிட்டு வந்தேன்."

பைப்ப அவரு மேசை மேலயே வெச்சுட்டு வந்துருச்சு.

லைசென்ஸ் நகரல. அக்கா மோட்டார் காயில் கட்டற கடைக்கு வேலைக்குப் போச்சு. ஞாயித்துக்கெழமையானா மட்டும் ஸ்கூட்டிய எடுத்துட்டு, எங்க புது ஊடு கட்டறாங்களோ அங்க போயி பைப்ப இழுத்துப் பாக்கும். "உங்களுக்குத்தான் லைசென்ஸ் இல்லையே"ன்னு ஒருத்தன் நக்கலாக் கேட்டான். "லைசென்ஸ் இல்லாட்டிக் கையெழுத்துத்தானுங்க போடக் கூடாது. புடுங்கக் கூடாதுன்னு எவனுங்க சொன்னான்?"ன்னுச்சு. எவன்-க்குக் கூட ங்க!

லைன் ஊட்டுக்கு வேற ஊர்ல இருந்து ஒரு கையெழுத்து பஸ்ஸேறி வந்துச்சு. கரண்டும் வந்துருச்சு. மொழப் பைப்ப மறுபடியும் நட்டு மறுபடியும் பூசிட்டாங்க. குடும்பங்க குடி வந்துட்டாங்க.

ஐப்பசி மழை புடிச்சுது. ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் அக்காளுக்கு போன். லைன் ஊட்டுல இருக்கற ஒடிசாப் பையன். பூசையன்னைக்கு ஊடு கேட்டு வந்து வேடிக்கை பாத்த ஆளுக அவிங்க எல்லாம், அக்கா நம்பர அன்னைக்கே வாங்கி வெச்சிருக்காங்க. அவனுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னான்: "அக்கா, கதவு கடிக்குது."

நாங்க போறப்ப அவன் சம்சாரம் வாசல்ல ஒக்காந்து கையத் தேச்சுட்டு இருந்துச்சு. தகரக் கதவத் தொட்டதும் தூக்கி எறிஞ்சிருக்குது. நல்ல வேளை, வெளிப்பக்கமா விழுந்துச்சு. அக்கா தெலுங்குல கூட வாழ்த்தல. மெயின ஆஃப் பண்ணுச்சு. வண்டி டிக்கில இருந்த பூட்ட எடுத்து மெயின் பெட்டியப் பூட்டி, சாவியச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிச்சு.

ஓனரு கார்ல வந்து எறங்குனாரு, கூட கான்ட்ராக்டரு.

"லைசென்சே இல்லாதவ என்ற பெட்டிக்குப் பூட்டுப் போடறயா?"

"போட்டுட்டனுங்க அண்ணா. தப்புதானுங்க. போலீசக் கூப்புடுங்க, கரண்டாபீசக் கூப்புடுங்க. வரட்டுங்க. வந்து மொதல்ல அந்தப் பைப்ப இழுத்துப் பாக்கட்டுங்க."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. அதுக்குத்தான் சொல்லறேன், நீங்களே இழுத்துப் பாத்துருங்க. எல்லாரும் நிக்கறாங்க. வரலைன்னு வெய்யுங்க, இப்பவே பூட்டத் தொறந்து, ஆபீசர் கேட்ட ஒரு வரியவும் எழுதிக் குடுத்துட்டு, இனி இந்தத் தொழிலுக்கே வரமாட்டனுங்க."

மழை தூறிட்டு இருந்துச்சு. லைன் ஊட்டுச் சனம் முழுக்க வரிசையா நின்னு அவரையே பாக்குது. பைப்பு அவரு கைக்கெட்டற தூரத்துல பச்சைப் பெயிண்டோட நிக்குது. அவரு கான்ட்ராக்டரப் பாத்தாரு. கான்ட்ராக்டரு செருப்பப் பாத்தாரு. எனக்கு அன்னைக்கு ஒரு ஜோக்கும் வரல. அக்கா சொன்னாச் செய்யும்னு எனக்குத் தெரியும். அவரு மட்டும் ஒரு இழு இழுத்து, ஏதோ ஒரு கல்லுல மாட்டிப் பைப்பு வராமப் போயிருந்துதுன்னு வெய்யுங்க, அக்காளோட தொழில் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

அவரு ரெண்டு கையவும் பின்னால கட்டிக்கிட்டாரு. "நாளைக்குத் தோண்டச் சொல்லறேன்"னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டாரு.

மறுநா காலைல முழு நீளப் பைப்பு வண்டில வந்து எறங்குச்சு. ஒடிசாப் பசங்களே குழி தோண்டுனாங்க, கரியும் உப்பும் கொட்டுனோம். சிமெண்டு பூசறதுக்கு முன்னால அக்கா காலை அகட்டி ஒரு இழு. அசையல. என்னையக் கூப்புட்டுச்சு. நான் கொரங்காட்டத் தொங்கிப் பாத்தேன். அசையல. அந்தக் கதவு கடிச்ச பொண்ணும் வந்து சிரிச்சுட்டே ஒருக்கா இழுத்துப் பாத்துச்சு.

மேற்பார்வைக்குன்னு வந்து நின்ன கான்ட்ராக்டரு, "கையெழுத்து எல்லாம் வேண்டாமுங்க, அது ஏற்கனவே போட்டாச்சு"ன்னாரு, கொஞ்சம் எகத்தாளமா.

"நீங்க கேக்கலைன்னாலும் நான் போட்டுக்கறனுங்க."

ஈரச் சிமெண்டு காயறதுக்குள்ள ஒரு ஆணிய எடுத்து, பைப்பச் சுத்தி முழுப்பேரையும் இனிசியலோட எழுதுச்சு. கீழ ஒரு கோடு இழுத்துச்சு. "பேப்பர்லதானுங்க போடக் கூடாது"ன்னு சொல்லி எந்திரிச்சு, கையில இருந்த சிமெண்ட என்ற சட்டைலயே தொடைச்சுப்போட்டுப் போயிருச்சு. பேரு தெரியோணும்னா அங்க போயிப் படிச்சுக்குங்க.

லைசென்ஸ் ரொம்ப நாள் இழுத்தடிச்சு அப்பறம் வந்துச்சு. அந்த ஒரு வரிய எழுதாமயே வந்துச்சு. பெருசா நாயம் ஜெயிச்சுதுன்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கும் கையெழுத்து கடைல கெடைக்குது, டேப்பும் கெடைக்குது. நான் இப்ப சரவணம்பட்டில ஏசி மாட்டற வேலைல இருக்கேன், அக்காளப் பாத்து வருசக்கணக்காச்சு. ஆனா "திமிரு"ன்னு சொன்னவனுக்கு ஒண்ணு சொல்லோணும். அந்தத் திமிரு கையெழுத்துப் போட்ட ஊட்டுல ராத்திரி கதவத் தொறந்துட்டு ஒண்ணுக்குப் போலாம்டா, பயமில்லாம.

எழுதி முடிச்சு மொதல்ல பிரபுக்குத்தான் வாட்ஸப்புல அனுப்புனேன். கூடப் படிச்சவன், அவனும் ஐடிஐல என்னையாட்டப் பாதில நின்னவன். படிச்சானா என்னன்னு தெரியல, ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு. அரை மணி கழிச்சுப் பதில் வந்துச்சு:

"எங்கூட்டுப் பைப்பு கையோட வந்துருச்சுடா, அக்கா நம்பர அனுப்பு."